மஞ்சள் பட்ட சுவர்

“நல்லா உரஞ்சுங்கோப்பா! அவ வாற நேரமாச்சு.”

வசீகரன் பிரஷை வினாகிரியில் தோய்த்துச் செங்கல் சுவரைத் தேய்த்தான். புரோசார்ட் நகரில் வாங்கிய புது வீட்டுக்குக் குடிபுகுமுன், காலையில் அவன் தெளித்த மஞ்சள் தண்ணீர் போவதாக இல்லை.

“சவர்க்காரம் போடட்டே?”

“வேண்டாம், சிவந்து ஆலாத்தி மாதிரி வரும். மாவிலையால தெளிக்கச் சொன்னா, ஆரும் வாளியோட ஊத்துவினமே?” வினோஜாவுக்கு அழுகை வந்தது. “முதல் நாளே அவவுக்கு என்னைப் பிடிக்காமல் போகப்போகுது.”

“உம்மைப் பிடிக்காமல் போகுமோ? எனக்கே பிடிச்சிருக்கு.”

“பகிடியை விட்டிட்டு உரஞ்சுங்கோ!”

கார் வந்து நின்றது. இறங்கிய பிரெஞ்சுக்காரப் பெண்மணி இருவரையும் பார்த்து வாய் நிறையச் சிரித்து, தன் மொழியில் ஏதோ சொன்னாள்.

“என்னவாம்?”

“பக்கத்து வீட்டுக்குப் புதுசா வந்த உடனேயே தன்ர வீட்டுச் சுவரைக் கழுவித் தாறமாம். நல்ல சனமாம்.”

வினோஜாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. “இனியாவது எங்கட வீடு எதெண்டு பாத்துத் தெளியுங்கோ.”

“ரெண்டும் ஒரே மாதிரி இருந்தா நான் என்ன செய்ய?”

பெண்மணி வீட்டின் பின்பக்கம் கைகாட்டி இன்னும் ஏதோ சொன்னாள்.

“இப்ப என்னவாம்?”

“பின் தெருவால வரேக்க பாத்தவவாம், பின்சுவரும் மஞ்சளாக் கிடக்காம்.”

“ஐயோ, அங்கயும் தெளிச்சனீங்களோ?”

“வீட்டைச் சுத்திவரத் தெளிக்கச் சொன்னது நீர்தானே!”