மூன்று நாள் பத்தியம்

காலை வெயில் ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடிக் குப்பிகளில் பட்டு மின்னுகிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பரிசு வாங்க வந்தவரைப் போல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறார். கால் கட்டைவிரலில் ஒரு மாதமாக ஆறாத புண். அதைச் செருப்பின் வார் பாதி மறைக்கிறது. "மூணு நாளா இனிப்பை மோந்துகூடப் பார்க்கலை. சர்க்கரை நம்மகிட்ட வாலாட்ட முடியாதும்மா," என்கிறார். ரத்தம் எடுக்கும் பெண் கையுறையை மாட்டிக்கொண்டே, "இது மூணு மாசச் சராசரியைச் சொல்ற டெஸ்ட், சார். மூணு நாள் பத்தியம் இதுகிட்ட எடுபடாது," என்கிறாள். ஏற்றிவிட்ட சட்டைக்கையைத் தலைமையாசிரியர் மெல்லக் கீழே இறக்குகிறார். "அப்போ மூணு மாசம் ஒழுங்கா இருந்துட்டு வரேன். படிக்காமப் பரீட்சைக்குப் போறது எனக்குப் பழக்கமில்லை." பக்கத்தில் நிற்கும் மனைவி கைப்பையைத் தரையில் வைக்கிறாள். "உங்களுக்கு மார்க் வேணும். எனக்கு உங்க கால் வேணுங்க," என்றபடி சட்டைக்கையை மறுபடி ஏற்றி, அவர் மணிக்கட்டை மேசையோடு அழுத்திப் பிடிக்கிறாள். "நீ குத்தும்மா." தலைமையாசிரியர் கண்களை இறுக மூடிக்கொள்கிறார். "ரிப்போர்ட்டை என்கிட்ட மட்டும் குடும்மா." "என்கிட்ட குடு," என்கிறாள் மனைவி. ஊசிக்குழலில் ரத்தம் ஏறுகிறது.