இருபது லிட்டர் நம்பிக்கை

உடும்பஞ்சோலைப் பக்கம், ஏலத்தோட்டத்து ஓடுதளம் ஒன்றில் குப்பண்ணன் தன் சொந்த விமானத்தை இறக்கியபோது டாங்கில் பெட்ரோல் அநேகமாகத் தீர்ந்திருந்தது. எதிர்க்காற்று குடித்துவிட்டது. இன்னும் ஒரு மணி நேரத்தில் மலையை மேகம் மூடிவிடும்.

வாடகை விமானமொன்றைத் தானே ஓட்டி அங்கே வந்திறங்கியிருந்த இளம்பெண் எதுவும் கேட்கவில்லை. தன் டாங்கிலிருந்து இருபது லிட்டர் இறக்கி அவருடையதில் ஊற்றினாள்.

"பைலட்டுங்க எல்லாம் ஒரே குடும்பம் அம்மணி! எலப்புள்ளி பைலட் கிளப்புக்கு நான்தான் தலைவர். வருசா வருசம் மேடையில இதையேதான் பேசறேன்."

"பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கான்னு கண்ணாடிக் குழாயில பிடிச்சுப் பாத்துருங்க சார். இருந்தா நடுவானத்துல இன்ஜின் நின்னுரும்."

"குடும்பத்துக்குள்ள சோதனையா? நம்பிக்கை வேணும் அம்மணி!" குப்பண்ணன் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டினார்.

அவள் சற்று யோசித்தாள்.

"சார், நான் மோனிஷா. தேயிலை எஸ்டேட்ல கொழுந்து எடுக்கிற அழகுத்தாய் மக. போன வருசம் உங்க கிளப்புல சேர மனு போட்டேன். 'குடும்பப் பின்னணி பொருந்தவில்லை'ன்னு நீங்கதான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புனீங்க."

குப்பண்ணன் பெல்ட்டைக் கழற்றினார். மெதுவாக இறங்கி, இறக்கைக்கு அடியில் கண்ணாடிக் குழாயை நீட்டிப் பெட்ரோலைப் பிடித்து வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை. துளித் தண்ணீர் இல்லை.

"தப்பா நெனச்சுக்காதீங்க அம்மணி..."

"இல்ல சார். சும்மா சொன்னப்ப நீங்க பாக்கல. அதனாலதான் பேரைச் சொன்னேன்."