அத்தானின் ஆலோசனை

அனிமேஷன் படிக்கப் போகிறேன் என்று கிளம்பி, மூன்று வருடம் கொழும்பில் இருந்துவிட்டு நோர்வூட் திரும்பியிருந்த ஜனார்த்தனனிடம், மாமன் மகள் ஷாமிலா ஒரே ஒரு சந்தேகம்தான் கேட்டாள்.

"அத்தான், புதுசா படிக்கிறவங்க எந்த சாஃப்ட்வேர்ல ஆரம்பிக்கலாம்? நான் பிளெண்டர் டவுன்லோட் பண்ணி வச்சிருக்கேன்."

"சும்மா குடுக்கிறத வச்சு என்னத்தக் கிழிக்கப் போற?" என்று உதட்டைப் பிதுக்கினான்.

"அப்ப மாயா?"

"விலை தெரியுமா? தோட்டத்து லயத்து வீட்டுல இருந்துகிட்டு மாயா கேக்குதோ!"

"சினிமா ஃபோர் டி?"

"அது விளம்பரம் செய்றவங்களுக்கு. உனக்கெல்லாம் எதுக்கு?"

ஷாமிலாவுக்குச் சுருக்கென்றது. கல்யாண வீடியோவில் மணமக்கள் பெயர் சுழன்று வருவதுபோல் செய்து காட்டினால் வேலை தருவதாக ஹட்டன் ஸ்டூடியோவில் சொல்லியிருந்தார்கள். அவள் லேப்டாப்பை அவன் முன்னால் நகர்த்தினாள். திரை நடுவே ஒரு சாம்பல் நிறப் பெட்டி நின்றது.

"இந்தப் பெட்டிய மட்டும் சுத்த வச்சுக் காட்டுங்க அத்தான். மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

ஜனார்த்தனன் மவுஸைத் தொடவே இல்லை.

"நான் இன்னும் எதுலயும் கை வைக்கல ஷாமிலா. எதுல ஆரம்பிக்கிறதுன்னுதான் மூணு வருசமா வீடியோ பாத்துக்கிட்டிருக்கேன்."

"அப்ப அதையே பாருங்க" என்றவள், லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.