ஏழாவது விதி

“வாங்க, சாப்பிடலாம்.”

வாய்ப் பழக்கத்தில் சொல்லிவிட்டார் அல்ஹாஜி ஃபுசேனி. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது யார் உள்ளே வந்தாலும் சொல்கிற வார்த்தை. வந்தவர் நன்றி சொல்லி மறுத்துவிடுவதும் பழக்கம்தான்.

வந்தவர் மறுக்கவில்லை. கை கழுவிக்கொண்டு எதிரே உட்கார்ந்தார். இலையில் இருந்த வாச்சே என்ற பயறுச் சோற்றைத் தன் பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டார். முதல் கவளத்திலேயே சோற்றின் மேலிருந்த முட்டை போய்விட்டது.

மூலையில் தட்டச்சு செய்துகொண்டிருந்த எகுவா இருமினாள். உள்ளூர்ப் பெண். சங்க அலுவலகத்தின் செயலாளர்.

“பேரு?” என்றார் அல்ஹாஜி, மீதிச் சோற்றைப் பார்த்தபடி.

“கோஜோ பைடூ. சங்கத்து உறுப்பினர். ஓட்டு இருக்கு. ஒரு புகார் கொடுக்கணும்.”

“யார் மேல?”

“தலைவர் பதவிக்கு நிக்கிறாங்களே, அராபா எஷுன். அவங்க மேல. ஏழாவது விதி.”

அல்ஹாஜி எழுந்து கை கழுவிக்கொண்டு வந்தார்.

ஏழாவது விதி அவர் எழுதியது. போன தேர்தலில் கேப் கோஸ்ட் மருந்தாளுநர் சங்கம் ஓட்டுக்காகக் கொடுத்த அரிசி மூட்டையிலும் துணிக்கட்டிலும் மூழ்கிக் கோர்ட்டு வரை போனது. அதனால்தான் இந்த ஊரில் ஒருவரையும் தெரியாத அவரை வடக்கே தமாலேயிலிருந்து வரவழைத்துத் தேர்தல் அதிகாரி ஆக்கினார்கள். வேட்பாளர் எந்த உறுப்பினருக்கும் உணவோ பானமோ தரக்கூடாது. சாப்பிட அழைக்கவும் கூடாது. மீறினால் போட்டியிலிருந்து பெயர் நீக்கப்படும்.

மற்ற வேட்பாளர்கள் வரிக்கு வரி சண்டை போட்டார்கள். அராபா ஒருவர்தான் ஒரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டவர். அவர் ஜெயித்தால் நல்லது என்று அல்ஹாஜி நினைத்திருந்தார். யாரிடமும் சொல்லவில்லை.

“சொல்லு தம்பி. எங்கே நடந்தது?”

“அவங்க வீட்டுல. நேத்து சாயங்காலம். நான் உள்ளே போறேன், அவங்க சாப்பிட்டுக்கிட்டிருக்காங்க.”

“என்ன சாப்பாடு?”

கோஜோ கண்ணை மூடிக்கொண்டார். “ஃபூஃபூக் களி. செம்பனைப்பழ சூப்பு. உள்ளே புகை போட்ட மீனு, நண்டு. வாசனை தெருமுனை வரைக்கும் வந்துச்சு அல்ஹாஜி.”

“வாசனையைச் சாட்சிக்குக் கூப்பிட முடியாது. விஷயத்துக்கு வா. உன்னைப் பார்த்தாங்களா?”

“நேருக்கு நேரா.”

சாப்பாட்டின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, வந்தவரை அழைக்காமல் இருக்க இந்த நாட்டில் யாரால் முடியும்? சற்றுமுன் அல்ஹாஜியாலேயே முடியவில்லை. அந்தப் பெண்ணுக்கும் வாய் முந்தியிருக்கும். ஆனால் விதி விதிதான். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துப் பேனாவைத் திறந்தார்.

“பார்த்துட்டு என்ன சொன்னாங்க? ஒரு வார்த்தை மாறக்கூடாது.”

“ஒண்ணும் சொல்லலை.”

“என்ன?”

“ஒரு வார்த்தை சொல்லலை அல்ஹாஜி. குனிஞ்சு சாப்பிட்டாங்க. கிண்ணம் காலியாகிற வரைக்கும் நின்னேன். அதுதான் புகார்.”

பேனா தாளைத் தொடாமல் நின்றது.

“ஒரு மனுஷன் வந்து நிக்கிறான். வா, உட்காருன்னு ஒரு பேச்சுக்குக்கூடச் சொல்லலை. அவங்க வீட்டு நாய்க்குக்கூட நண்டு ஓடு கிடைச்சுது.”

அல்ஹாஜி பேனாவை மூடினார். சிரித்தார்.

“தம்பி, இது புகார் இல்லை, நற்சான்று. என் விதியை இவ்வளவு ஒழுங்கா யாரும் மதிச்சதில்லை. சாப்பாட்டு நேரம் பார்த்து அடுத்தவங்க வீட்டுக்குப் போறியே, உனக்கு வெக்கமா இல்லை?”

“அப்ப விதியில விலக்கே கிடையாதா?”

“கிடையாது.”

“ஓட்டு எண்ணுற வரைக்கும் இப்படித்தானா?”

“இப்படித்தான். வாசனை தாங்கலைன்னா வேற தெரு வழியாப் போ.”

எகுவா மேஜைமேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின.

“போயிடலாம் அல்ஹாஜி,” என்றார் கோஜோ. “ஆனா ராத்திரி திரும்பி வரணுமே. என் கட்டில் அந்த வீட்டுலதான் கிடக்கு.”

அல்ஹாஜி மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

“நீ அவங்களுக்கு...”

“புருஷன். வேட்புமனு கொடுத்த அன்னியிலேர்ந்து எனக்குத் தெருக்கடைச் சோள உருண்டை, அந்தக் கென்கேதான். சமையலறைப் பக்கம் போனா, ‘நீ வாக்காளர், தள்ளி நில்லு’ங்கறா. நானே சமைச்சுக்கறேன்னா, சட்டி வேட்பாளரோடதாம்.”

அல்ஹாஜி காலியான இலையைப் பார்த்தார். எகுவாவைப் பார்த்தார். பிறகு அதே வெள்ளைத் தாளில் எழுதினார்: ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவிக்கு ஏழாவது விதி பொருந்தாது.

“வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டு. அந்த அம்மா நம்பினா உன் அதிர்ஷ்டம்.”

“வீடு வரைக்கும் போக வேணாம் அல்ஹாஜி. புகார் கொடுன்னு என்னைக் கூட்டிட்டு வந்ததே அவதான். கீழே வண்டியில மடியில சூப்புச் சட்டியோட உக்காந்திருக்கா, ஆறுறதுக்குள்ள கையெழுத்தைப் போடுங்க.”