கவர்னர் கேட்ட பூசை

கவர்னரின் வாழ்க்கை வரலாற்றை எழுத மணிலாவிலிருந்து வந்தவர் என்றதும், பேரைக்கூடக் கேட்காமல் நெஸ்டோர் மனலஸ்டாஸை உட்காரவைத்து, சூடான பிபிங்கா அரிசிக் கேக் தட்டை நீட்டினார் ஃபாதர் செவரினோ.

“நம்ம கவர்னருக்குப் பகைன்னா என்னன்னே தெரியாது தம்பி. அவரைத் திட்டினவன் செத்தாக்கூட, ஆத்துமா இளைப்பாற பூசை வைக்கச் சொல்லி மொத ஆளா எனக்குப் போன் பண்ணுவாரு.”

“அப்படி யாருக்குக் கேட்டாரு ஃபாதர்?”

“ரேடியோவுல அவரை நாறடிச்சானே ருஃபோ, அவனுக்குத்தான். காலைப் பூசையில செத்தவங்க பேரை வாசிக்கிறேன், அவன் பொண்டாட்டி எழுந்து நின்னு, ‘என் புருஷன் வீட்டுல காப்பி குடிச்சிட்டிருக்காரு ஃபாதர்’ங்கிறா! எனக்கு மானமே போச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, பாவம், சாயங்காலமே எவனோ சுட்டுட்டான்.”

நெஸ்டோர் கடித்த பிபிங்காவைத் தட்டிலேயே வைத்தார். “சாகறதுக்கு முன்னாடியே கவர்னருக்கு எப்படித் தெரியும்?”

“ஞானதிருஷ்டி தம்பி! மறக்காம எழுதிக்கோ.”

நெஸ்டோர் பேனாவை மூடினார். கவர்னரின் திருட்டு மணல் குவாரியைப் பற்றி முந்தின நாள்தான் ஊருக்குள் விசாரித்திருந்தார்.

“நான் கெளம்பறேன் ஃபாதர்.”

“நாளைக்குக் காலைப் பூசை பாத்துட்டுப் போயேன். இன்னிக்கும் ஒரு பேரு சொல்லியிருக்காரு. உங்க மணிலாக்காரராம், யாரோ நெஸ்டோர் மனலஸ்டாஸ். உனக்குத் தெரிஞ்சவரா?”

வாசலில், நெஸ்டோரைக் கூட்டிப்போக கவர்னர் அன்போடு அனுப்பியிருந்த கார் ஹார்ன் அடித்தது.