காரைக்காலுக்கு மட்டும் விடுமுறை

நாகூர் அலுவலகக் காலண்டரில் நவம்பர் ஒன்று கறுப்பாகத்தான் இருந்தது. மேலாளர் சுந்தரமூர்த்தி நந்தினியை நிமிர்ந்து பார்த்தார்.

“நாளைக்கு எதுக்கும்மா லீவு?”

“எங்க காரைக்காலுக்கு விடுதலை நாள் சார். பிரெஞ்சுக்காரன் போன நாளு.”

“ஆகஸ்ட் பதினஞ்சு பத்தாதா உங்க ஊருக்கு? இங்க ஆடிட் நடக்குது.”

“கடற்கரையில அணிவகுப்பு பாக்கணும் சார்.”

நந்தினியின் மகள் ஏதோ பள்ளிக்கூட நடனத்தில் ஆடுகிறாள் போலும் என்று சுந்தரமூர்த்தி நினைத்துக்கொண்டார்.

“அடுத்த வருஷம் பாத்துக்கலாம்மா.”

“அடுத்த வருஷம் அவங்க ரிட்டையர் ஆயிடுவாங்க சார்.”

“யாரு?”

“எங்கம்மா. போலீஸ் இன்ஸ்பெக்டர். நாளைக்கு முன்னால நின்னு அணிவகுப்பை நடத்துறதே அவங்கதான். நான் பள்ளிக்கூடத்துல ஆடுனப்பல்லாம் அவங்களுக்கு பந்தோபஸ்து டியூட்டி. வீட்டாளு ஒருத்தியாவது போய் கைதட்ட வேணாமா?”

சுந்தரமூர்த்தி பேனாவை எடுத்தார்.

“முதல் வரிசையில போய் உட்காரும்மா.”