அடுத்த கிளை

கடைசி மரமும் சாய்ந்தபின் பொம்மையன் அறுப்பு மிஷினை அணைத்துவிட்டுக் கிளைகளை விலக்கினான். உள்ளே ஒரு தேவாங்கு கண்களை இறுக மூடிக்கொண்டு கிடந்தது. எடுத்து அப்பால் போட நீட்டிய அவன் விரலை அது நாலு கையாலும் பற்றிக்கொண்டது. உதறியும் விடவில்லை. கோடாரி இருந்தவரை, வெட்டுமுன் அடிமரத்தை மூன்று முறை தட்டுவார்கள், குடியிருப்பவை இறங்கட்டும் என்று. மிஷின் வந்தபின் அவன் தட்டியதில்லை. லாரியடியிலிருந்து இதைப் பார்த்த கூட்டாளி சவரிமுத்து கூப்பிட்டான். “அண்ணே, அதை ஏதாச்சும் ஒரு மரத்துல விட்டுட்டு வாங்க. டீ ஆறுது.” பொம்மையன் சுற்றிலும் பார்த்தான். சரிவு முழுக்க, அடிவாரம் வரை, அவன் அறுத்த அடிக்கட்டைகள். “இந்தா வர்றேன்” என்றான், தலையை நிமிர்த்தாமல். வெயில் தாழ்ந்தது. தேவாங்கு கண் திறந்தது. அந்தக் கண்களைப் பார்க்க அவனுக்குக் கூசியது. அது அவன் கையில் மெல்ல ஏறி, தோளைக் கடந்து, உச்சந்தலையில் நின்றது. அங்கிருந்து ஒரு கையை நீட்டி, அடுத்த கிளைக்காகக் காற்றைத் துழாவுவது கட்டைகளின்மேல் நீண்டு கிடந்த அவன் நிழலில் தெரிந்தது. பொம்மையன் தன் இன்னொரு கையை உயர்த்திக் கொடுத்தான். அந்தக் கையின் விரல்நுனிவரை ஏறிப்போய், அது மறுபடியும் துழாவத் தொடங்கியது.